மழையே இல்லாமல் குலைநோய் வருமா?

(வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றபின் சொந்த வயலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் பயிர் ஆலோசகர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஐயா, எங்கள் ஒருபோகப் பகுதியில் இந்த வருடம் மழை குறைவு. கால்வாய்த் தண்ணீரும் முறை வைத்துத்தான் வந்தது. மழை பெய்தால்தான் நோய் வரும் என்பார்கள். ஆனால் மார்கழியில் நெல் கதிர் வாங்கும்போது கழுத்துப் பக்கம் கறுத்து, நிறையக் கதிர் வெளுத்துவிட்டது. இது எங்கிருந்து வந்தது?
– மேலூர் வாசகர்

முதலில் ஒரு சோதனை. வெளுத்த கதிரைப் பிடித்து மெதுவாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு கையோடு வந்தால் அது குருத்துப்பூச்சி வேலை. அடியில் கடித்த தடம் தெரியும். கழுத்துக் கணு கறுத்து, அந்த இடத்தில் முறிந்து தொங்கினால் குலைநோய், அதாவது பூஞ்சாணத்தின் வேலை. இதைப் பார்க்காமல் பூச்சி மருந்தை வாங்கி அடித்துவிட்டு, ‘அடிச்சும் கேக்கலையே’ என்று வருகிறவர்களை வேலையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கழுத்து கறுத்தது என்று தெளிவாக எழுதியிருப்பதால் குலைநோய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மழை இல்லை, சரி. பனி இருந்ததே! பூஞ்சாணத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தது என்பது கணக்கே இல்லை. இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தது என்பதுதான் கணக்கு. சித்திரையில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு உடனே வெயில் அடித்தால் அதற்கு ஒன்றும் கிடைக்காது. மார்கழியில் ஒரு சொட்டு மழை இல்லாமல் சாயங்காலத்தில் தொடங்கி மறுநாள் காலை ஒன்பது மணி வரை பனி நின்றால், அதுவே போதும். வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிவாக இருக்கும் இரவில் இலை தன் சூட்டை இழந்து, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதனால் பனி அதிகம் இறங்கும். மழை இல்லாத மார்கழியில்தான் இப்படிப்பட்ட இரவுகள் நிறைய.

குலைநோய்ப் பூஞ்சாணத்தின் வித்து (விதைபோல் அதைப் பரப்பும் நுண்ணிய தூள்) பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் காற்றில் கிளம்புகிறது. ஈரமான இலையில் விழுந்ததும் ஒட்டிக்கொண்டு முளைவிடும். முளையின் நுனியில் சின்னக் குமிழ் ஒன்று உண்டாகும். அந்தக் குமிழுக்குள் ஏறும் அழுத்தம் லாரி டயரில் அடைக்கும் காற்றைப்போல் பத்து மடங்கு. அந்த வேகத்தில் இலைத்தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். இவ்வளவும் நடக்க ஈரம் தொடர்ந்து பத்து மணி நேரம்போல் காயாமல் இருக்க வேண்டும். நடுவில் காய்ந்தால் பெரும்பாலான வித்துகள் அத்தோடு சரி. நம் பக்கம் மார்கழி, தை இரவுகள் 20 டிகிரியை ஒட்டி இறங்குவதும் அதற்குத் தோதுதான். ஏறக்குறைய ஒரு வாரத்தில், அது நுழைந்த இடத்தில் விழும் புள்ளியே புதிய வித்துகளை விட ஆரம்பித்துவிடும். இலையில் கண் வடிவத்தில் நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு என்று தெரிவது அந்தப் புள்ளிதான். அதை ‘இலைதானே’ என்று விட்டவர்களுக்குக் கதிரில் வந்து நிற்கும்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: தண்ணீர் முறை வைத்து வந்தது என்று. வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும் நெல்லைவிட, அடிக்கடி காய்ந்து தவிக்கும் நெல்லைக் குலைநோய் சுலபமாகப் பிடிக்கும். ஆக மழை குறைந்த வருடத்தில் பனியும் சேர்ந்தது, பயிரும் சோர்ந்தது. இதோடு, தண்ணீர் வந்த சந்தோஷத்தில் யூரியாவை மொத்தமாக வீசியிருந்தால் கேட்கவே வேண்டாம். கருகருவென்று பச்சை கட்டிய வயலைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கண் வைப்பார்கள் என்று பயப்படுகிறோம். பூஞ்சாணம்தான் முதலில் கண் வைக்கும்.

அடுத்த பட்டத்துக்கு: பி.பி.டி. 5204 சாப்பாட்டுக்கும் விலைக்கும் நல்ல ரகம், ஆனால் குலைநோய் தாங்காது. அதைத்தான் போடுவேன் என்றால் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்து நேர்த்தி செய்யுங்கள், தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து இடுங்கள், நெருக்கி நடாதீர்கள். மருந்து தேவைப்பட்டால் கதிர் வெளியே வராமல் தொண்டையில் இருக்கும்போதே அடிக்க வேண்டும். எந்த மருந்து, என்ன அளவு என்பதை உங்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். கழுத்து கறுத்த பிறகு அடிப்பது கடைக்காரருக்கு மட்டும்தான் லாபம்.

ரேடியோவில் ‘காலை ஈரப்பதம் 90 சதவீதம்’ என்றால் உடனே மருந்து அடிக்கலாமா?
– வாடிப்பட்டி வாசகர்

ஒரு நாளுக்காக வேண்டாம். தொடர்ந்து நாலைந்து நாள் அப்படியே இருந்தால் உஷாராகுங்கள். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையைப் பாருங்கள். அதைவிடச் சுலபமான கருவி உங்கள் வேட்டி. காலை ஒன்பது மணிக்கு வரப்பில் நடந்தால் வேட்டிக் கரை நனைகிறதா என்று பாருங்கள்.

எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் இலையெல்லாம் செம்பழுப்புப் புள்ளி விழுந்து கொட்டுகிறது. வேலை முடிந்து வந்து சாயங்காலம்தான் தண்ணீர் விட முடிகிறது. அதனால் கெடுதலா?
– நிலக்கோட்டை வாசகி

தாயி, பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். தண்ணீர் வேரில் மட்டும் போனால் சாயங்காலம் விடுவதில் பெரிய குற்றம் இல்லை. ஓஸைப் பிடித்துச் செடி மேலே அடிக்கிறீர்கள் என்றால், வெயில் காய வைக்க வேண்டிய இலையை ராத்திரி முழுக்க நனைத்து வைக்கிறீர்கள். ஐப்பசி மழையில் ஏற்கெனவே ஈரம் காய்வதில்லை, அதற்கு மேல் நீங்களும் ஊற்ற வேண்டாம்.

மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கும்போது, கொட்டிக் கிடக்கும் இலைகளில் உள்ள வித்தும் சேர்ந்து அடி இலைக்கு ஏறும். அதனால்தான் நோய் கீழிருந்து மேலே போகிறது. கொட்டிய இலையைக் கூட்டி எரித்துவிடுங்கள். கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்வது (கிளைகளை வெட்டிவிடுவது) பூவுக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். செடிக்குள் காற்றும் வெயிலும் நுழைந்து ஈரம் சீக்கிரம் காய்வதும் அதில் கிடைக்கும் லாபம்.

மா பூத்திருக்கும்போது மழையும் இல்லை, இலையில் தண்ணீரும் இல்லை. அப்போதுதான் பூங்கொத்தில் சாம்பல் பூத்துக் கொட்டுகிறது. நீங்கள் சொல்கிற ஈரக் கணக்கு இங்கே பொய்க்கிறதே?
– நத்தம் வாசகர்

நல்ல கேள்வி. சாம்பல் நோய்ப் பூஞ்சாணம் இந்தக் கூட்டத்தில் தனி ஆள். அதன் வித்து தனக்கு வேண்டிய தண்ணீரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. முளைக்க இலையில் நீர்ப்படலம் வேண்டாம். பலத்த மழை அதைக் கழுவிக்கூட விடும். பகலில் வறட்சி, இரவில் குளிர் என்றிருக்கும் தை மாதம் அதற்குப் பொற்காலம். நனையும் கந்தகம் அடிக்கலாம், ஆனால் உச்சி வெயிலில் அடித்தால் பூ கருகும். காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பூஞ்சாண வித்து காற்றில் எவ்வளவு தூரம் போகும்?
– மதுரைக் கல்லூரி மாணவர்

குலைநோய் வித்தில் பெரும்பகுதி அருகிலேயே விழுந்துவிடும், தம்பி. அதனால் உங்கள் வயலின் பழைய நெல் தாளும் வைக்கோலும்தான் முதல் சந்தேக நபர்கள். துரு நோய் வேறு ரகம். வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் கோதுமைத் துரு நோயின் வித்து பிழைக்காது. அப்படியிருக்க ஒவ்வொரு வருடமும் கோதுமைக்கு நோய் எங்கிருந்து வருகிறது என்று ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே.சி. மேத்தா 1920களிலிருந்து வருடக்கணக்காகத் தேடினார். தண்டைத் தாக்கும் துரு நோய்க்கு அவர் கண்ட இடங்கள் நம் பழனி மலையும் நீலகிரியும். மலையின் குளிரில் வருடம் முழுக்க அது தங்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சுழலும்போது மலையிலிருந்து வித்துகளைத் தூக்கிக்கொண்டு போகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி மத்திய இந்தியாவில் மழையோடு சேர்த்து வயலில் இறக்குகிறது. இதை வைத்தே 1970களில் பயிர் நோய் ஆய்வாளர் எஸ். நாகராஜனும் உடன் ஆய்வு செய்தவர்களும், புயல் எங்கே இருந்தால், மழை எங்கே பெய்தால் நோய் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் விதிகளை வகுத்தார்கள். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கல்லூரியில் கேட்டுப் பாருங்கள், மேத்தாவின் பெயரையாவது யாராவது சொல்கிறார்களா என்று.