சிப்பியோ எலும்போ இல்லாத மணற்கல் பழைய கடலில் எந்த இடத்தில் படிந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஓடும் எலும்பும் இல்லாவிட்டாலும் பல மணற்கற்களில் வளைகள் இருக்கும். புழு, நண்டு, இறால் தோண்டிய வளைக்குள் மண் இறங்கி, அந்த வடிவம் அப்படியே கல்லாகியிருக்கும். சுவடுப் புதைபடிவம் என்பது இதைத்தான். சிப்பியைவிட இதையே நான் அதிகம் நம்புவேன். செத்த சிப்பியை அலை எங்கு வேண்டுமானாலும் உருட்டிக்கொண்டு போகும். வளை அப்படிப் போகாது. அது இருக்கும் இடத்தில்தான் அந்த உயிர் வாழ்ந்தது.

நான் அரை நாள் உட்கார்ந்து வரைந்த ஒரு படுகையை, அதாவது ஒரு பாறை அடுக்கைச் சொல்கிறேன். கனம் ஒரு முழம்கூட இராது. அடியில் கிண்டிக் கிளறிவிட்டதுபோல் கறுப்புச் சேற்றுக்கல். அதன் மேல், கத்தியால் வெட்டிய மாதிரி நேர்கோடு. கோட்டுக்கு மேல் நுண்மணல். மணலுக்குள் மெல்லிய வரிகள் மேடும் பள்ளமுமாகத் தாழ்ந்து எழுகின்றன. ஓரிடத்தில் மட்டும் அந்த வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கீழ்நோக்கி மடிந்திருந்தன. மணலில் புதைந்த ஏதோ ஒன்று அடித்துப்பிடித்து மேலே ஏறிய தடம் அது. உச்சியில் இரு பக்கமும் ஒரே சரிவுள்ள அலைவரிகள், அவற்றைத் துளைத்துக்கொண்டு இறங்கும் புது வளைகள்.

அமைதியான சேற்றுத் தரையில் ஒரு புயல் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. புயல் ஓய்ந்ததும் வேறு உயிர்கள் வந்து குடியேறியிருக்கின்றன. அலையின் அசைவு, அதன் நீளத்தில் (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம்) ஏறக்குறைய பாதி ஆழம் வரைதான் தரையை எட்டும். புயல் அலை நீளமானது, அதனால் இன்னும் ஆழம் வரை எட்டும். ஆக, அன்றாட அலை தொடாத, புயல் அலை மட்டும் தொட்ட இடம் அது.

சரி, வளையின் வடிவம் என்ன சொல்லும்? அடால்ஃப் சைலாக்கர் என்ற ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் 1967-இல் இதை ஆழத்தோடு பொருத்திக் காட்டினார். அலை புரட்டும் மணலில் இரை நீரில் மிதந்து வரும், தரையோ நிலைக்காது. அதனால் அங்கே செங்குத்துக் குழாய்கள். அமைதியான இடத்தில் இரை தரையில் படியும். அங்கே கிடைமட்டமாக மேய்ந்த தடங்கள். ஆழ்கடலில் வளைந்து வளைந்து, கோலம்போல ஒழுங்கான தடங்கள்.

இதை ஆழம் அளக்கும் கோலாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மாணவனாக இருந்தபோது நான் அந்தத் தவறைச் செய்தேன். ஒரு மணற்கல்லில் ஓஃபியோமார்ஃபா கிடைத்தது. இறால் வகை உயிரி மண் உருண்டைகளை அப்பிக் கட்டிய வளை அது. வெளியே கரடுமுரடு, உள்ளே வழவழப்பு. பார்த்ததும் 'கரையோரம்' என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் படுகையின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். ஓட்டம் சுரண்டிய பள்ளங்களை மணல் நிரப்பியதால் உண்டான நாக்கு வடிவப் புடைப்புகள் வரிசையாக இருந்தன. மணலும் அடியில் பருமனாகவும் மேலே போகப் போகப் பொடியாகவும் இருந்தது. சரிவில் இறங்கிய கலங்கல் ஓட்டம் ஆழத்தில் கொண்டுபோய்ப் போட்ட மணல் அது. அந்த உயிருக்கு வேண்டியது மணலும் இரையும் ஆக்சிஜனும்தான். அவை கிடைத்தால் ஆழத்திலும் வளை கட்டும்.

அதனால் இப்படி ஒரு பாறை உங்களுக்குக் கிடைத்தால் வளையை மட்டும் படம் எடுக்காதீர்கள். படுகையின் அடிப்பக்கம், அதன் கீழும் மேலும் உள்ள அடுக்குகள், மூன்றையும் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.