டிரெய்லர் இழுக்க கேஸா, டீசலா? முதலில் கதவைத் திறந்து பாருங்கள்

டெக்சாஸின் பிளேனோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "29 அடி டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு) ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். அதன் ஜி.வி.டபிள்யூ.ஆர்., அதாவது சாமானோடு சேர்த்து மொத்த எடை வரம்பு, 7,600 பவுண்ட். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கோடையில் ஊரிலிருந்து வரும் மாமியார், ஆக ஐந்து பேர். வருஷத்தில் ஐந்தாறு வீக்கெண்ட் பக்கத்து ஸ்டேட் பார்க், ஜூலையில் ஒரு தடவை கொலராடோ. டிரக் இனிமேல்தான் வாங்க வேண்டும். டீசல் இல்லாமல் மலைப்பக்கம் போகாதீர்கள் என்கிறார் டீலர். அரை டன் கேஸ் வண்டியே 11,000 பவுண்ட் இழுக்கும், எதற்குத் தண்டச் செலவு என்கிறார் நண்பர். மற்ற நாட்களில் டிரக் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும்தான் ஓடும். எதை வாங்கலாம்? நண்பர் ஒருவரிடம் பழைய டீசல் டிரக்கும் விலைக்கு இருக்கிறது."

முக்கால் டன் வண்டி, கேஸ் இன்ஜின். எஃப்-250, சில்வராடோ 2500, ராம் 2500 மூன்றில் உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள். டீலர், நண்பர் இருவரும் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே பார்க்காமல் விட்ட இடம் ஒன்று உண்டு.

(ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: அமெரிக்காவில் கேஸ் என்றால் பெட்ரோல். டிரக் என்றால் இங்கே பிக்கப். அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பது அவற்றின் வகைப் பெயர், சுமக்கும் எடை அதுவல்ல. சமையல் கேஸ் டிரெய்லரின் மூக்கில் இரண்டு சிலிண்டராக உட்கார்ந்திருக்கும். அதுவும் நம் கணக்கில் வரப்போகிறது.)

டிரக்கின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோட். ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்குக்கூட அந்த எண் வேறு வேறாக இருக்கும். சன்ரூஃப், லெதர் சீட், நான்கு சக்கர இழுவை என்று ஒவ்வொன்றும் அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அதனால்தான் விலை கூடிய டாப் மாடல் பல நேரம் குறைவாகச் சுமக்கிறது.

உங்கள் குடும்பத்தை வைத்தே கணக்குப் போடுவோம். டிராவல் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை ஹிட்ச் மேல், அதாவது டிரக்கோடு இணைக்கும் கொக்கியின் மேல், அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் ஹைவேயில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். 13 சதவீதம் என்று வைத்தால் 7,600 பவுண்டுக்கு ஏறக்குறைய 990. விளம்பரத் தாளில் இருக்கும் ஹிட்ச் எடையை நம்ப வேண்டாம், அது காலி டிரெய்லரின் எண். பேட்டரியும் நிரம்பிய சிலிண்டர்களும் ஏறுவது சரியாக அந்த மூக்கின் மேல்தான். அப்புறம் அந்த அழுத்தத்தை மற்ற அச்சுகளுக்கும் பிரித்துக்கொடுக்கும் எடை பகிர்வு ஹிட்ச் ஒரு 90 பவுண்ட். ஐந்து பேருக்கும் சேர்த்து 650 என்று வையுங்கள். பின்னால் சைக்கிள், ஜெனரேட்டர், ஐஸ்பெட்டி, விறகு, மாமியார் விடமாட்டேன் என்று தூக்கிவரும் டேபிள்டாப் கிரைண்டர் எல்லாம் ஒரு 200. கூட்டினால் 1,930 பவுண்ட்.

நன்றாக வசதி செய்த நாலு கதவு அரை டன் வண்டிகளில் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் பெரும்பாலும் 1,400 முதல் 1,700க்குள்தான் நிற்கும். நண்பர் சொன்ன 11,000 பொய் இல்லை. அது இழுக்கும் திறன். அந்த எண்ணுக்கு ஜே2807 என்று ஒரு பொதுத் தரம் உண்டு. அரிசோனாவில் டேவிஸ் டேம் பக்கத்து ஏற்றத்தில், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏ.சி.யை முழுசாக வைத்து, வேகம் 40 மைலுக்குக் கீழே போகாமல் 11.4 மைல் ஏறிக் காட்ட வேண்டும். கடினமான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது டிரைவரும் இன்னொருவரும் மட்டும், தலா 150 பவுண்ட். பிள்ளைகளும் மாமியாரும் அதில் இல்லை.

நானும் முதலில் அரை டன்னில்தான் இழுத்தேன். இன்ஜின் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஹெட்லைட்டை வெட்டி வெட்டிக் காட்டினார்கள். இவர்களுக்கு என்ன கோபம் என்று யோசித்துக்கொண்டே போனேன். டிரக்கின் பின்பக்கம் அமுங்கி, என் விளக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேஸ் போட இறங்கியபோதுதான் தெரிந்தது.

சரி, முக்கால் டன் என்றால் டீசலே எடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஒரு வேடிக்கை. முக்கால் டன் வண்டிகள் பலவற்றுக்கு மொத்த எடை வரம்பு 10,000 பவுண்ட். டீசல் இன்ஜினும் அதனோடு வருகிற சாமான்களும் கேஸ் இன்ஜினைவிட ஏறக்குறைய 700 பவுண்ட் கனம். வரம்பு அப்படியே இருந்து வண்டி கனத்தால், குறைவது பேலோட். ஒரே வசதிகளோடு கேஸ் வண்டியின் ஸ்டிக்கரில் 2,900 இருந்தால், டீசலில் 2,200 என்று இருப்பது சகஜம். பத்தாயிரம் டாலர் கூடக் கொடுத்துச் சுமக்கும் திறனைக் குறைத்துக்கொள்கிறோம். உங்கள் 1,930க்கு அதுவும் போதும்தான், ஆனால் அடுத்த வருஷம் இன்னொரு பாட்டி வந்தால் மிச்சம் சொற்பம்தான்.

பணக் கணக்கை வேகமாக முடித்துவிடுகிறேன். கொலராடோ போய்வர 2,000 மைல், வீக்கெண்டுகள் 1,000, ஆக டிரெய்லரோடு 3,000. டிரெய்லர் இல்லாமல் 8,000. இழுக்கும்போது கேஸ் கேலனுக்கு 9 மைல், டீசல் 12. சும்மா ஓடும்போது 14, 18. கேஸ் 3 டாலர், டீசல் 3.60 என்று வைத்தால் வருஷத்துக்கு கேஸ் செலவு 2,710 டாலர் சொச்சம், டீசல் 2,500. மிச்சம் 210 டாலர். பத்தாயிரத்தை அதில் எடுக்க நாற்பத்தேழு வருஷம் ஆகும். டீசலுக்கு மறுவிற்பனை விலை நன்றாகவே நிற்கும், கொடுத்ததில் நல்ல பங்கு திரும்பி வரும் என்பது உண்மை. ஆனால் நடுவில் ராம் வண்டியின் கம்மின்ஸ் டீசல் இன்ஜினுக்கு ஆயில் மாற்ற 12 குவார்ட், எரிபொருள் ஃபில்டர்கள், புகையைச் சுத்தம் செய்ய யூரியா கலந்த டெஃப் திரவம் என்று அந்த 210ஐயும் விழுங்க ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை முடிவு செய்யவைத்த வரி வேறு: பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் ஓடும் என்பது. இன்றைய டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். 2007க்குப் பிறகு வந்த வண்டிகளில் இது இல்லாமல் இல்லை. நிரம்பியதும் வண்டி தானே அதைச் சூடாக்கிக் கரியை எரித்துவிடும். அதற்கு நிற்காமல் இருபது முப்பது நிமிஷம் ஹைவே ஓட்டம் வேண்டும். மூன்று மைல் போய் நிறுத்தி, மறுபடி இரண்டு மைல் வருகிற வண்டிக்கு அந்த நேரமே கிடைக்காது. பாதியில் எரிந்து பாதியில் நின்று, ஒரு நாள் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அப்புறம் வொர்க்ஷாப்தான். டீசல் உழைக்கப் பிறந்தது, அதைச் சும்மா கட்டிப்போட்டால் நோய் வரும்.

இப்போது மலை. டீலர் பக்கம் நியாயம் இருப்பது இங்கேதான், அதை மறைக்கப்போவதில்லை.

நீங்கள் அமரில்லோ தாண்டி, நியூ மெக்சிகோவின் மூலையைத் தொட்டு, 7,834 அடி உயர ராடான் கணவாய் வழியாகக் கொலராடோவுக்குள் நுழைவீர்கள். டென்வருக்கு மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் போனால் ஐசன்ஹோவர் சுரங்கம், 11,158 அடி. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் தன் பலத்தில் சுமார் 3 சதவீதம் இழக்கும். முக்கால் டன்னில் மூன்று கம்பெனியும் தருகிற கேஸ் இன்ஜின்கள் டர்போ இல்லாதவைதான். ஃபோர்டின் 7.3 லிட்டர் இன்ஜினுக்கு 430 குதிரைத்திறன், சுரங்க வாசலில் அது 300 பக்கம் வந்துவிடும். டீசலுக்கு டர்போ காற்றை அமுக்கித் திணிப்பதால் அந்த இழப்பு மிகவும் குறைவு.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? வலது ஓரப் பாதையில், லாரிகளுக்குப் பின்னால், 45 மைல் வேகத்தில், இன்ஜின் நிமிஷத்துக்கு 4,500 சுற்றில் அலற ஏறுவீர்கள். வண்டி உடையப்போகிறது என்று மாமியார் கந்த சஷ்டி கவசம் ஆரம்பிப்பார். ஒன்றும் ஆகாது, அந்த இன்ஜின் அப்படிக் கத்தி வேலை செய்வதற்கென்றே செய்யப்பட்டது. பக்கத்தில் டீசல்காரர் பாட்டுக் கேட்டுக்கொண்டே 60இல் கடந்து போவார். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு பத்து நிமிஷம், கொஞ்சம் பொறாமைப்படலாம்.

ஏற்றத்தைவிட இறக்கத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன். சுரங்கத்தைத் தாண்டி மேற்கே சில்வர்தார்ன் வரை ஏழு சதவீதம் வரை சரிவு, மைல் கணக்கில் நீளம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சரளைச் சரிவுகளே கட்டி வைத்திருக்கிறார்கள். டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் வண்டியும் டிரெய்லரும் கயிறு கட்டிப் பிடித்தமாதிரி இறங்கும். டீசலுக்கு நான் காசு கொடுப்பதாக இருந்தால் இந்த ஒன்றுக்காகத்தான் கொடுப்பேன். கேஸ் வண்டியில் அதைக் கையால் செய்ய வேண்டும்: சுரங்கத்துக்குள்ளேயே டோ/ஹால் மோடு (சுமை இழுக்கும்போது கியரை அதற்கேற்ப மாற்றும் பட்டன்) போட்டு, வேகத்தை 45க்குக் குறைத்து, கியரை இறக்கிவிடுங்கள். வேகம் கூடினால் பிரேக்கை நன்றாக ஒரு தடவை அழுத்தி 40க்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். காலை அதன் மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தால்தான் பிரேக் சூடேறி வேலைநிறுத்தம் செய்யும். புறப்படும் முன் டிரெய்லரின் பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலரை ஒரு காலி பார்க்கிங்கில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டீசலின் இன்னொரு சௌகரியத்தை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. டிரக் ஸ்டாப்பில் லாரிகளோடு வரிசையில் நேராக உள்ளே போய், நேராக வெளியே வரலாம். கேஸ் வண்டிக்காரர் ஐம்பது அடி ரயிலைக் கார்களுக்கு நடுவே வளைக்க வேண்டும். ஓரத்தில், வெளியே போகும் வழியைப் பார்த்தபடி இருக்கும் பம்ப்பாகத் தேடுங்கள். ஒரு தடவை பின்னால் எடுக்க நேர்ந்தால் அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது.

என் பதில் எப்போது மாறும்? 12,000 பவுண்டைத் தாண்டும் ஃபிஃப்த் வீல் (டிரக்கின் பின்பெட்டிக்குள்ளேயே மாட்டும் பெரிய டிரெய்லர்) வாங்கினால், வேலையை விட்டுவிட்டு வருஷம் முழுக்க டிரெய்லரில் ஊர் சுற்றினால், அல்லது வீடே கொலராடோவில் என்றால், டீசல். ஆனால் அப்போது முக்கால் டன்னில் நிற்காதீர்கள். ஃபிஃப்த் வீல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் டிரக்கின் முதுகில் வைக்கும். கனமான இன்ஜினும் அதுவும் சேர்ந்தால் ஒரு டன் வண்டி, அதாவது 3500, எஃப்-350, அதுதான் தாங்கும். குளிர்காலத்தில் டெக்சாஸ் டீசலை நிரப்பிக்கொண்டு அந்த மலைக்குப் போனால் டாங்குக்குள்ளேயே மெழுகு மாதிரி உறையும் ஆபத்தும் உண்டு. போகிற வழியில் அங்கத்திய குளிர்கால டீசலை நிரப்ப வேண்டும்.

வாங்கிய பிறகு, முதல் பயணத்தன்று ஒரு வேலை. டாங்கை நிரப்பி, எல்லோரையும் ஏற்றி, டிரெய்லரையும் மாட்டிக்கொண்டு டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற எடை மேடைக்குப் போங்கள். முன் சக்கரம் ஒரு பலகையில், பின் சக்கரம் அடுத்ததில், டிரெய்லர் மூன்றாவதில். கம்பத்தில் இருக்கும் பட்டனை அமுக்கினால் ஸ்பீக்கரில் ஒரு குரல் முதல் எடையா, மறு எடையா என்று கேட்கும். கம்பெனி பெயர் கேட்டால் சொந்த வண்டி என்று சொல்லுங்கள். பதினைந்து டாலருக்கு முன்பின், சீட்டில் மூன்று எண்களும் வந்துவிடும். பின் அச்சின் எண் கதவுத் தூணில் எழுதிய அச்சு வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். கூடினால் டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். 40 கேலன் நிரப்பிக்கொண்டு போனால் அதுவே 330 பவுண்டுக்கு மேல். கேம்ப் கிரவுண்டில் குழாய் இருக்கும்போது அதை ஊர் ஊராகச் சுமப்பானேன்.

அந்தப் பழைய டீசலை வாங்குவதாக இருந்தால் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டி.பி.எஃப். இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று வெறும் குழாய் ஓடினால், அது 'டிலீட்' செய்த, அதாவது வடிகட்டியைக் கழற்றிவிட்ட வண்டி. அமெரிக்க மத்திய அரசின் சுத்தக் காற்றுச் சட்டம் அப்படிக் கழற்றுவதைத் தடை செய்கிறது. மறுபடி எல்லாவற்றையும் பொருத்த ஆகும் காசு, நண்பர் குறைத்துத் தருகிற விலையைத் தாண்டிவிடும். குழாய் சரியாக இருந்தாலும் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, 1,930ஐ அதில் கழித்துப் பாருங்கள்.