தண்டனைக்கு ஆட்கொணர்வு மனுவா?

கேள்வி: என் தம்பிக்கு செஷன்ஸ் கோர்ட்டில் பத்து வருஷம் தண்டனை கொடுத்து ஒன்றரை மாசம் ஆகிறது. புழலில் இருக்கிறான். ஆட்கொணர்வு மனு போட்டால் சீக்கிரம் வெளியே எடுத்துவிடலாம் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். எங்கள் தெருப் பையன் அப்படித்தான் வந்தான். அமெரிக்காவிலும் கைதிகள் இந்த மனுவைப் போட்டுத்தான் தண்டனையை எதிர்க்கிறார்களாமே? பணம் கட்டலாமா?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: கட்டாதீர்கள் அம்மா, ஒரு ரூபாய்கூட.

உங்கள் தெருப் பையன் அநேகமாக குண்டாஸில் போனவன். 1982-ஆம் வருஷத்துக் குண்டர் தடுப்புச் சட்டம் அது. சாட்சி, விசாரணை எதுவும் வேண்டாம். போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டால் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். ஆட்கொணர்வு மனு போட்டால், எந்த நியாயத்தில் அடைத்தீர்கள் என்று உயர் நீதிமன்றம் அவர்களைக் கேட்டே ஆக வேண்டும். ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, நகலைப் படிக்க முடியவில்லை, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் என்று எத்தனையோ குண்டாஸ் உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன. வடசென்னைத் தாய்மார்கள் பலருக்குப் பிள்ளையை மீட்டுக் கொடுத்த மனு இது. அதன் பேரைச் சொல்லி உங்களிடம் பணம் பறிக்கப் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் தம்பியை அடைத்திருப்பது ஒரு நீதிபதியின் தீர்ப்பு. தீர்ப்பு தப்பாகவே இருக்கலாம். ஆனால் அதிகாரமுள்ள கோர்ட் தண்டித்திருக்கும்போது, அது தப்பு என்று காட்டுகிற இடம் அப்பீல்தான். ஆட்கொணர்வு மனு போட்டால் அப்பீலுக்குப் போகச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். தண்டனைக் காலம் முடிந்தும் விடவில்லை என்றால் அப்போது போடலாம். ஜெயிலில் சித்திரவதை நடந்தாலும் போடலாம். திகார் சிறையில் சக கைதி வதைக்கப்பட்டதைப் பற்றி சுனில் பத்ரா எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது.

அமெரிக்கக் கதை உண்மைதான். மாகாணக் கோர்ட் கொடுத்த தண்டனையை அங்கே ஃபெடரல் கோர்ட்டில் இப்படி எதிர்க்கலாம். அதற்கும் முதலில் மாகாணத்தில் இருக்கிற வழிகளையெல்லாம் முடித்துவிட்டு வர வேண்டும். 1996-இல் ஒரு வருஷக் கெடுவும் வைத்துவிட்டார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட 60 நாள். நகல் வாங்க ஆகும் நாளைக் கழித்துக் கொள்வார்கள், தாமதத்தை மன்னிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். தீர்ப்பு நகலை இலவசமாகத் தருவது கோர்ட்டின் கடமை. அடுத்து ஜெயிலுக்குப் பார்க்கப் போகும்போது, அது கையில் இருக்கிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். ஜெயில் அதிகாரி வழியாகவே அவர் அப்பீல் கொடுக்கலாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேளுங்கள். அப்பீலோடு சேர்த்துத் தண்டனையை நிறுத்தி வைக்கவும் மனு போடச் சொல்லுங்கள். அப்பீல் முடிவதற்குள் தம்பி வீட்டுக்கு வர வழி அதுதான். இந்த வாரமே போங்கள்.