கையெழுத்து போடுவதற்கு முன் வாசிக்கச் சொல்லுங்கள்

கேள்வி: தினமும் மூன்று நாளிதழ் வாசிக்கிறேன். ராத்திரி தொலைக்காட்சி விவாதம் ஒன்றையும் விடுவதில்லை. ஆனால் எங்கள் ஊர்க் குளத்தின் மடை இரண்டு பிசானப் பருவமாக உடைந்து கிடக்கிறது. மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அரசியல் தெரிந்து என்ன பயன்? கட்சியில் இல்லாத சாதாரண ஆள் என்னதான் செய்ய முடியும்?
— வாசகர், நாங்குநேரி வட்டாரம்

பதில்: மனுவை எந்த அலுவலகத்தில் கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். ஒரு குளத்தின் ஆயக்கட்டு (அந்தத் தண்ணீர் பாய்கிற நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒன்றியத்துக் குளத்துக்காக நீர்வளத் துறைப் பொறியாளரிடம் கொடுத்த மனு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கும்போதே கார் சாகுபடி போய்ப் பிசானமும் வந்துவிடும். உங்கள் குளம் யார் கணக்கில் இருக்கிறது, ஆயக்கட்டு எவ்வளவு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குடிநீரிலும் இதே சிக்கல்தான். கூட்டுக் குடிநீர்த் திட்டம் உள்ள ஊரில் தாமிரபரணித் தண்ணீரை மேல்நிலைத் தொட்டி வரை கொண்டுவருவது பெரும்பாலும் குடிநீர் வடிகால் வாரியம். தொட்டியிலிருந்து தெருக்குழாய் வரை ஊராட்சி. தொட்டி நிறைந்தும் குழாயில் காற்று வந்தால் வாரியத்தைத் திட்டிப் பயனில்லை. சாலை என்றால் ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பார்க்க வேண்டும். நாளிதழை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்தாலும் பரவாயில்லை, இந்தப் பொறுப்புப் பட்டியலை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள்.

டெல்லிச் செய்தியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே எடுக்கிற முடிவு உங்கள் ஊராட்சிக் கணக்கில் எங்கே வந்து இறங்குகிறது என்று பார்த்து வாசியுங்கள் என்கிறேன். 15-ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரைக்கும் பரிந்துரைத்த ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 'பணம் இருக்கு, ஆனா மடைக்கு எடுக்க முடியாது' என்று தலைவர் அண்ணாச்சி சொன்னால் அதில் உண்மை இருக்கலாம். அது தெரிந்தவர், 'அப்படியானால் மீதி 40 விழுக்காடு எதற்குப் போனது?' என்று அடுத்த கேள்வியைக் கேட்பார். ஊராட்சி வாரியாகத் திட்டமும் செலவும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் இருக்கின்றன. சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. அதில் உங்கள் ஒன்றியத்துக்கு எந்த வேலை வந்தது என்பதையும் கேட்டு வாங்கலாம்.

இனி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் பல ஊர்களில் வருகைப் பதிவேட்டை முதலில் சுற்றுக்கு விடுகிறார்கள். மக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படுகிறது. ஊர் ஏமாறுகிற இடம் இதுதான். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கோரிக்கையை வாயால் மட்டும் சொல்லாமல் இரண்டு பிரதி எழுதிக் கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். 'குளத்தைச் சரிசெய்ய வேண்டும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். குளத்தின் பெயர், புல எண், எந்த மடை, எத்தனை அடி உடைப்பு, எத்தனை ஏக்கர் காய்கிறது என்று எழுதுங்கள். அது தீர்மானப் பதிவேட்டில் ஏறிய பிறகு உரக்க வாசிக்கக் கேட்டுவிட்டு எழுந்து வாருங்கள்.

நம் பக்கத்தில் இதைவிடக் கடினமான ஒன்று உண்டு, அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. யார் எழுந்து கேள்வி கேட்டாலும், என்ன கேட்டார் என்பதற்கு முன்னால் எந்தத் தெருக்காரர் என்றுதான் பார்க்கிறார்கள். தனியாக எழுந்தால் கேள்வி சாதிப் பிரச்சினையாகத் திருப்பப்படும். அதனால் கூட்டத்துக்கு முந்தின வாரமே அந்த மடையில் பாய்கிற எல்லாத் தெருக்காரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். மடைக்குக் கீழே எல்லார் வயலும் இருக்கிறது, அதைவிட வலுவான காரணம் வேண்டாம். பெண்கள் வருவதும் முக்கியம். தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவர்கள் அவர்கள்தான், அவர்கள் சொல்லும் விவரத்தைத் தலைவராலோ செயலராலோ மறுக்க முடியாது.

எதிர்ப்பு மட்டுமே வேலையாகிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிக்குப் பக்கத்து மானூரில் கி.பி. 800-ஐ ஒட்டிய பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, மாறஞ்சடையன் காலத்தது. குடவோலைத் தேர்தலைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. சபையில் எந்த யோசனை வந்தாலும் 'அன்று, அன்று' ('அல்ல, அல்ல') என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது அது. அந்தச் சபையில் நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்குத்தான் இடம் இருந்தது. இன்று வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். இந்த வேறுபாட்டை நாம் இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம்.

தீர்மானம் போட்டும் வேலை நடக்கவில்லையா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வாருங்கள். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. அலுவலகம் தவறாக இருந்தாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது.

பெரும்பாலான மனுக்கள் தோற்பது கேள்வியின் அமைப்பால்தான். 'ஏன் மடையைக் கட்டவில்லை?' என்று கேட்டால் 'அப்படித் தகவல் எதுவும் இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சட்டம் தருவது ஆவணத்தைத்தான், விளக்கத்தை அல்ல. ஆகவே ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இன்ன தேதித் தீர்மானத்தின் நகல், எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பில். எம்-புக் கையில் வந்துவிட்டால் டேப்பை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போங்கள். ஒரு கான்கிரீட் சாலைக்கு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கிறது. சாலை ஓரத்தில் கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் அங்கே இருப்பது 30 கன மீட்டர். இந்தக் கணக்கோடு போகும் மனுவைத் தள்ளிவைப்பது கஷ்டம்.

திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கு இதற்குப் பிறகுதான் போக வேண்டும். வெறுங்கையோடு போனால் உங்கள் மனு, யார்மீது குறை சொன்னீர்களோ அவருக்கே அறிக்கை கேட்டு அனுப்பப்படும். பழைய மனு, ஒப்புதல் ரசீது, தீர்மான நகல் மூன்றையும் இணைத்துக் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் முதல்வர் உதவி மையத்தின் 1100-இல் அழைத்து நிலவரம் கேட்கலாம்.

வாட்ஸ்அப்பில் 'அரசு அறிவித்துவிட்டது' என்று வந்தால் அரசாணை எண், துறை, தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிறருக்கு அனுப்பாதீர்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26-ஐத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் வாசியுங்கள். சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தம் நடக்கும்போதெல்லாம் உங்கள் பெயர் மட்டுமில்லாமல், வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகள், முதியவர்கள் பெயரும் இருக்கிறதா என்று வரைவுப் பட்டியலிலேயே பார்த்துவிடுங்கள். சேர்க்கப் படிவம் 6, நீக்க 7, திருத்த 8.

கட்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேருவதில் தவறே இல்லை. நம் மாவட்டத்தில் கிராம ஊராட்சித் தேர்தல் கடைசியாக 2021 அக்டோபரில் நடந்தது. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றிய, மாவட்ட உறுப்பினர் பதவிகளுக்குத்தான் உண்டு. ஆகவே கட்சியில் சேராமலே நீங்கள் வார்டு உறுப்பினராக நிற்கலாம். மேலே சொன்ன தாள்களை ஓர் ஆண்டு புரட்டிய ஒருவர் நிற்பதையே நான் விரும்புவேன்.