பொலிட்டிகல் சயின்ஸ் படிக்க வைக்கலாமா? குடியாத்தம் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பெண், பி.காம். வேண்டாம், நர்சிங் வேண்டாம், அரசியல் அறிவியல் படித்துப் பேராசிரியர் ஆகி அரசாங்கத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று நிற்கிறாள். சொந்தக்காரர்கள் "எந்தக் கட்சியில சேரப் போற?" என்று கேலி பேசுகிறார்கள். திட்டவும் மனசில்லை, சரி என்று சொல்லவும் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

படிக்க வையுங்கள். ஆனால் மூன்று வருடப் படிப்புதானே என்று நினைத்து ஒத்துக்கொள்ளாதீர்கள். பாப்பாவுக்கு இப்போது 17 வயது. பி.ஏ. முடிக்கும்போது 20, எம்.ஏ. முடிக்கும்போது 22. பிஎச்.டி.க்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிப்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். நடைமுறையில் 27, 28 ஆகிவிடும். நிலையான வேலை கைக்கு வரும்போது முப்பதை நெருங்கியிருப்பாள். வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். அதற்கும் முன்னால், 22-லிருந்து 30 வரை அவள் செலவுக்கு என்ன வழி என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இந்தப் பாதையில் பிள்ளைகள் நடுவில் விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அறிவு குறைந்து யாரும் திரும்புவதில்லை, காசு தீர்ந்துதான் திரும்புகிறார்கள்.

அந்த இடைவெளியைத் தாண்ட இருக்கும் நல்ல வழி ஜே.ஆர்.எஃப். எம்.ஏ. முடிக்கும் வருடத்திலேயே எழுதக்கூடிய, உதவிப் பேராசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் மேலே வருபவர்களுக்குக் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகை இது. முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள், மொத்தம் 300 மார்க், தப்பாக எழுதினால் மைனஸ் கிடையாது. வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் பிஎச்.டி. முடிக்கும்வரை உங்களிடம் கை நீட்ட வேண்டியதில்லை. கிடைக்காமல், உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் வந்தால் கதை வேறு. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் போகலாம், 25,000 ரூபாய் அளவில் தொகுப்பூதியம். அந்த வேலையில் வருடக்கணக்காக இருப்பவர்களை எனக்குத் தெரியும். பாடம் நன்றாக எடுப்பார்கள், பேப்பர் திருத்துவார்கள், அட்மிஷன் வேலையும் பார்ப்பார்கள். மே மாதச் சம்பளம் மட்டும் வராது.

நிரந்தரப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு விட வேண்டும். அது வருடா வருடம் வருவதில்லை. 2019-ல் தொடங்கிய ஆட்தேர்வு முடியாமலே போய், 2024-ல்தான் 4,000 இடங்களுக்குப் புதிதாக அறிவிப்பு வந்தது. அதுவும் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து, அதில் அரசியல் அறிவியலுக்கு ஒரு சிறு பங்குதான். உள்ளே போய்விட்டால் அடிப்படைச் சம்பளமே 57,700-ல் தொடங்கும். போகும் வரைதான் பாடு. நடுவில் யாராவது வந்து, உதவி பெறும் கல்லூரியில் போஸ்டிங் வாங்கித் தருகிறேன், இவ்வளவு லட்சம் கொடுங்கள் என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்த பெண் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெட் தேர்வுக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் வராது. எம்.ஏ.வில் படிக்க வேண்டிய புத்தகங்களும் பெரும்பாலும் ஆங்கிலம். இதற்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசில் பணம் கட்டாதீர்கள். நம் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, தினமும் ஒரு பக்கம் மாற்றி மாற்றிப் படிக்கட்டும். பி.ஏ. முடிவதற்குள் இந்தப் பயம் தெளிந்துவிடும்.

சரி, அரசாங்க ஆராய்ச்சிக்கு வருவோம். பாப்பா டி.வி. விவாதத்தில் ஒரு பேராசிரியரைப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தாள் என்று எழுதியிருந்தீர்கள். தப்பில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் வி. சூரியநாராயணன் இலங்கைத் தமிழர் பிரச்சினை, கச்சத்தீவு, பாக் நீரிணை மீனவர்கள் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்திலும் உறுப்பினராக இருந்தார். அவரை ஒரு நாளில் யாரும் கூப்பிட்டுவிடவில்லை. ஒரே விஷயத்தைப் பல வருடம் விடாமல் பிடித்திருந்ததால் அந்த இடம் வந்தது.

'அரசாங்க ஆராய்ச்சியாளர்' என்று தனியாக ஒரு வேலை காத்துக்கொண்டிருக்கிறது என்று அவள் நினைத்தால் ஏமாறுவாள். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்ற மத்திய அரசு நிறுவனம் சமூக அறிவியல் ஆய்வுகளுக்குப் பணம் தருகிறது. அந்தத் திட்டங்களில் ஆய்வு உதவியாளர் வேலை கிடைக்கும், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இளைஞர்களை மாநில அரசுத் திட்டங்களில் வேலை பார்க்க வைக்கும் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இரண்டு வருடம். டெல்லியில் எம்.பி.க்களுக்கு ஆய்வு உதவி செய்யும் லேம்ப் ஃபெல்லோஷிப் ஒரு வருடம்கூட வராது, 25 வயதுக்குள் போக வேண்டும். எல்லாமே நல்ல அனுபவம், எதுவும் ஓய்வூதியம் வரை வராது. ஆசிரியர் பணியில் இருந்துகொண்டே ஆய்வுத் திட்டங்களை எடுத்துச் செய்வதுதான் பலரும் போகும் வழி.

ஆராய்ச்சிக்கு டெல்லிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. அடையாற்றில் இருக்கும் எம்.ஐ.டி.எஸ். ஆய்வு நிறுவனத்தை 1971-ல் தொடங்கிய மால்கம் ஆதிசேசய்யா வேலூரில் பிறந்தவர், ஊரிஸ் கல்லூரியில் படித்தவர். பொருளாதாரப் பேராசிரியராக இருந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் வரை போனார். அப்புறம் ஊர் திரும்பிக் கட்டிய நிறுவனம் அது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் சமூக அறிவியல் பிஎச்.டி. செய்ய அது ஒரு நல்ல இடம்.

ஆய்வுப் பொருளுக்கோ நம் வேலூர் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. 1970-களில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வட ஆற்காட்டுக் கிராமங்களுக்கு வந்து, பசுமைப் புரட்சியால் நெல் விவசாயிக்கு என்ன நடந்தது என்று வீடு வீடாகக் கேட்டுப் போனார்கள். பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு வேலூர் பெயரிலேயே நாடு முழுக்கப் படிக்கப்படுகிறது. 2019-ல் பணப் பட்டுவாடா புகாரில் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்டில் தனியாக நடந்ததை நீங்களே பார்த்தீர்கள், ஓட்டும் போட்டிருப்பீர்கள். அதே வருடம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். அதனால் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் நமக்கு 2021 அக்டோபரில்தான் வந்தது. அந்த இடைவெளியில் தலைவரே இல்லாமல் ஊராட்சிகள் எப்படி நடந்தன? குடிநீர்க் குழாய்க்கு யாரிடம் போய் நின்றார்கள்? ஒரு பிஎச்.டி.க்கே தாங்கும் கேள்வி இது. பேர்ணாம்பட்டு பக்கம் நாலு ஊராட்சி அலுவலகம் ஏறி இறங்கினாலே பாதி விஷயம் கிடைத்துவிடும்.

இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்து வருமா என்று பார்க்க ஆப்டிட்யூட் டெஸ்ட்டெல்லாம் வேண்டாம். அடுத்து வரும் கிராம சபைக்குப் பக்கத்து ஊராட்சிக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். வருடத்தில் ஆறு நாள் நடக்கிறது, மே 1, ஆகஸ்ட் 15 எல்லாம் அதில் வரும். ஓரமாக உட்கார்ந்து கவனிக்கட்டும். யார் பேசுகிறார்கள், யார் பேச வந்து பேசாமல் போகிறார்கள், தீர்மானப் புத்தகத்தில் பேசியதற்கு முன்னாலேயே கையெழுத்து வாங்குகிறார்களா, நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் எந்த மூலையில் நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு பக்கம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஆர்வத்தோடு எழுதி, "அப்பா, அடுத்த தடவையும் போலாமா" என்று கேட்டால் அவளைத் தடுக்காதீர்கள். அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு மொபைலை எடுத்தால், டி.வி.யில் பார்த்த பெருமைதான் அவளை இழுத்தது என்று வைத்துக்கொண்டு பி.காம். பற்றிப் பேசலாம்.

கல்யாணப் பேச்சை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரி வரியாக அதுதான் தெரிகிறது. 28 வயது வரை படிக்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது கஷ்டம் என்பது உண்மைதான். எம்.ஏ. முடித்து பிஎச்.டி.யில் சேர்ந்த கையோடு கல்யாணம் ஆகி, புகுந்த வீட்டில் தீசிஸ் அப்படியே நின்றுபோன பெண்களும் உண்டு. அவள் ஜே.ஆர்.எஃப். எழுதி முடிக்கும்வரை இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று இப்போதே வாக்குக் கொடுங்கள். அதுவரை உங்களால் முடியும்.

கல்லூரி விஷயம். அரசியல் அறிவியல் எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. அரசுக் கல்லூரிகளுக்கான ஒரே விண்ணப்பத்தில் பாடப் பட்டியலைப் பார்த்துவிட்டு விருப்பம் போடுங்கள். சென்னை மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி போன்ற இடங்களில் உண்டு. ஹாஸ்டலில் விட மனமில்லை என்றால் பக்கத்திலேயே வரலாறோ பொருளாதாரமோ சேர்த்து, எம்.ஏ.வில் மாறிக்கொள்ளலாம். நெட்டுக்கு எம்.ஏ. பாடம்தான் கணக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், மறக்காமல் பதிவு செய்யுங்கள். பாண்டிச்சேரி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களின் எம்.ஏ.வுக்கு சி.யு.இ.டி. என்ற தனித் தேர்வு இருக்கிறது, அது பி.ஏ. கடைசி வருடக் கவலை.

ஒரு சான்றிதழ் மட்டும் முன்கூட்டியே கவனியுங்கள். நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. என்றால், வீட்டில் இருக்கும் சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் நெட் தேர்வுக்கும் போதாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர் (அதாவது, பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்கள் பிரிவில் வராதோர்) சான்றிதழ் தனியாக வேண்டும். வருமானம் பார்த்துத் தருவதால் பழையது செல்லாது, அந்தந்த நிதியாண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாலுகா அலுவலகத்திலிருந்து வரும். கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் அங்கே நிற்கும் கூட்டம் உங்களுக்குத் தெரியும், அதனால் ஏப்ரல் பிறந்ததும் போட்டுவிடுங்கள்.