குதிரைக்கு வலிக்கிறதா? முகத்தைப் படிப்பது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: முகத்தைப் பார்த்தே குதிரைக்கு வலி இருப்பதைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே, உண்மையா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

உண்மைதான். ஆனால் வலி எங்கே என்பதை முகம் சொல்லாது. இருக்கிறதா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை மட்டும் சொல்லும். இத்தாலியின் மிலான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமானுவேலா டல்லா கோஸ்டாவின் குழு, காயடிப்பு அறுவை நடந்த 40 குதிரைகளை அறுவைக்கு முன்பும் பின்பும் படம் பிடித்து ஒப்பிட்டது. வலியில்லாத சிகிச்சைக்காக மயக்க மருந்து மட்டும் பெற்ற 6 குதிரைகளும் அதில் இருந்தன. மாற்றம் மருந்தாலா, வலியாலா என்று பிரித்தறிய அவை தேவைப்பட்டன. 2014-இல் அதிலிருந்து வந்ததுதான் ‘ஹார்ஸ் கிரிமேஸ் ஸ்கேல்’ என்ற முகக்குறி அளவுகோல்.

அதில் ஆறு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் 0, ஓரளவு தெரிந்தால் 1, தெளிவாகத் தெரிந்தால் 2. மொத்தம் 12.

காது விறைத்துப் பின்னால் திரும்பி நிற்கும். இரண்டு காதுக்கும் நடுவே உள்ள இடைவெளி அகன்றது போலத் தோன்றும். கண்ணிமை இறங்கும், கண் பாதிக்கு மேல் மூடியிருந்தால் 2 போடலாம். மூன்றாவது, கண்ணுக்கு மேல் உள்ள பகுதி. அங்கே தசை இறுகுவதால் எலும்பின் விளிம்பு துருத்தித் தெரியும். நான்காவது தாடையின் மெல்லும் தசை. தீனி எதுவும் மெல்லாத நேரத்திலும் அது புடைத்து நிற்கும். ஐந்தாவது வாய். மேலுதடு பின்னுக்கு இழுபட்டு, கீழுதடு இறுகி, மோவாய் ஒரு முடிச்சு மாதிரி கெட்டியாகத் தெரியும். கடைசியாக மூக்கு: துவாரம் இறுகிச் சற்றே விரிந்திருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் மூக்கின் வளைவு தட்டையாகிவிடும்.

இத்தனை மதிப்பெண்ணைத் தாண்டினால் மருத்துவர் என்று ஒரே கோடு போட்டுக்கொள்ளாதீர்கள். காலையில் 1 இருந்த குதிரை மாலையில் 4 என்றால், அந்த ஏற்றமே போதுமான செய்தி. வயதான, மெலிந்த குதிரைக்குக் கண்ணுக்கு மேலே ஏற்கெனவே குழி விழுந்திருக்கும். எலும்பு எப்போதுமே தெரியும். அந்த ஓர் இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தினமும் வலி என்றுதான் வரும். அதனால்தான் நல்ல நாளில் எடுத்த படம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்களிடம் இருப்பது மார்வாரி இனக் குதிரை. காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும். காதை எப்படிக் கணிப்பது?

நுனியை விட்டுவிடுங்கள். மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும் நுனியின் வளைவு பிறவி அமைப்பு. காதின் அடிப்பகுதி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, காதுக்குழியின் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். நலமாக உள்ள குதிரையின் காது ஓரிடத்தில் நிற்காது. வாளிச் சத்தம், வண்டிச் சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் திரும்பும். வலியுள்ள குதிரையின் காது சத்தத்துக்கு ஒரு நொடி திரும்பிவிட்டு மறுபடி பழைய இடத்துக்கே போய் நின்றுவிடும். ஒரு காது பின்னாலும் மற்றது பக்கவாட்டிலுமாகப் பொருந்தாமல் நிற்பதும் உண்டு.

கோபத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். கோபத்தில் காது கழுத்தோடு ஒட்டிப் படுத்துவிடும், எதிரே ஆளோ வேறு குதிரையோ இருக்கும், சில நொடிகளில் முடிந்துவிடும். ஆளே இல்லாத லாயத்தில் பத்து நிமிடம் காது பின்னால் நின்றால் அதற்குக் கோபம் காரணமில்லை.

கேள்வி: கைபேசியில் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புகிறேன். ‘ஒன்றும் தெரியவில்லை’ என்கிறார். எப்படி எடுப்பது?

பெரும்பாலும் கோணம்தான் பிழை. மேலிருந்து எடுத்தால் கண் சிறுத்துத் தெரியும். முன்னாலிருந்து எடுத்தால் மூக்கின் வளைவும் மோவாயும் மறைந்துபோகும். குதிரையின் கண் மட்டத்துக்குக் கைபேசியைப் பிடித்து, நேர் பக்கவாட்டில், ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெருத்துக் காட்டும். கடிவாளம், மூக்குப்பட்டை, கண்மறைப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் எடுங்கள். தீனி தின்னும்போது வேண்டாம். வெயில் முகத்தில் நேராக அடித்தால் எந்தக் குதிரையும் கண்ணைச் சுருக்கும்.

ஒற்றைப் படத்தைவிட இரண்டு நிமிட வீடியோ பல மடங்கு உதவும், ஏனென்றால் இமை கொட்டும் நொடியில் விழுந்த படம் ஏமாற்றிவிடும். கைபேசியைத் தூணில் கட்டிவிட்டு நீங்கள் விலகிப் போய்விடுங்கள். ஆள் வந்ததும் பல குதிரைகள் தலையைத் தூக்கி, காதை முன்னால் கொண்டுவந்து, சற்று நேரம் ‘நன்றாக’ இருந்துவிடும். ‘நான் போனபோது நல்லாத்தானே இருந்தது’ என்று எல்லோரும் சொல்வதன் காரணம் அதுவே.

கேள்வி: மதியம் நின்றுகொண்டே தூங்குகிறது. கண் பாதி மூடியிருக்கிறது. இதை வலி என்று எண்ணிவிட மாட்டோமா?

மோவாயைப் பாருங்கள். தூங்கும் குதிரையின் கீழுதடு தொங்கும், சில சமயம் ஆடவும் செய்யும். காதுகள் தளர்ந்து பக்கவாட்டில் சாயும். கண்ணுக்கு மேல் பகுதி வழவழப்பாக இருக்கும். வலியில் கண் மூடினாலும் மோவாய் இறுகியே இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தூங்கிய முகம் தெளிந்துவிடும்.

அப்படியே காலையும் கவனியுங்கள். பின்னங்கால் ஒன்றை மடக்கி ஓய்வு கொடுப்பது இயல்பு. முன்னங்கால் ஒன்றை முன்னே நீட்டி வைத்து நிற்பது இயல்பல்ல. இரண்டு முன்னங்காலையும் முன்னே தள்ளி எடையைப் பின்னுக்குச் சாய்த்து நின்றால் குளம்பு அழற்சி, அதாவது லாமினைடிஸ், என்று சந்தேகப்படுங்கள். குளம்புச் சுவர் சூடாக இருக்கும். கணுவுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி அடித்துத் துடிக்கும். தானியத் தீனி அதிகமாகப் போட்ட மறுநாளோ அடுத்த நாளோ இது வருவதுண்டு.

சைலசின் போன்ற மயக்க ஊசி போட்டிருந்தால் இமை, உதடு, காது மூன்றும் மருந்தாலேயே தொங்கிவிடும். அதன் வேகம் முழுதாக அடங்கும்வரை மதிப்பெண் போடுவதில் பொருளில்லை.

கேள்வி: வயிற்றுவலி வந்தால் புரளும்வரை எங்களுக்குத் தெரிவதில்லை. முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா? ஊசி வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

புரளுவது பிந்தைய கட்டம். அதற்கு முன்பே தீனியை முகர்ந்துவிட்டு ஒதுங்குவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, பல்லைக் கடிப்பது, மேலுதட்டைச் சுருட்டித் தூக்குவது எல்லாம் வந்துவிடும். பெட்டையின் சிறுநீரை மோந்த ஆண் குதிரை உதட்டைச் சுருட்டினால் அது வேறு. காரணமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்தால் குடலை நினையுங்கள். டென்மார்க்கில் நடந்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு, வலியின் பார்வையை ‘உள்வாங்கிய, வெறித்த பார்வை’ என்று சொல்கிறது. கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. கண்ணுக்கு மேல் உள் மூலை தூக்கி, கண்ணே கோணமாகத் தெரியும். நாசித்துவாரம் வட்டம் போய்ச் சதுரமாகும்.

முகம் இப்படி இருந்தால் உடனே நாடி. கீழ்த்தாடை எலும்பின் அடிவிளிம்பில், கன்னத்தின் வட்டம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே, கயிறு மாதிரி ஒரு ரத்தக்குழாய் விரலில் உருளும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் உள்ள வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44 வரை இயல்பு. 60-ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். கடைசியாக எப்போது லத்தி போட்டது என்பதையும் குறித்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள்.

அவர் வரும்வரை தீனியை எடுத்துவிடுங்கள். மெதுவாக நடத்தலாம், ஆனால் களைத்து விழும்வரை நடத்தக் கூடாது. வாயில் எண்ணெய் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது நுரையீரலுக்குள் போனால் வயிற்றுவலியைவிடப் பெரிய ஆபத்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் தேங்கியதை மருத்துவர் மூக்கு வழியே குழாய் விட்டுத்தான் எடுப்பார். எண்ணெய் கொடுக்க வேண்டுமானாலும் அதே குழாய் வழிதான்.

ஊசியை நீங்களாகப் போடாதீர்கள். ஃப்ளூனிக்சின் என்ற வலி மருந்தைத் தசையில் போட்டால் அந்த இடம் அழுகி, குதிரையே போன நிகழ்வுகள் உண்டு. ரத்த நாளத்தில் (சிரையில்) போட வேண்டியது அது. இன்னொன்று, வலி மறைந்தால் குடல் முறுக்கும் மறைந்ததாக நினைத்துவிடுவீர்கள். கடுமையாகப் புரண்ட குதிரை திடீரென அமைதியாகி, வியர்த்துக் குளிர்ந்து, நாடி மட்டும் ஏறிக்கொண்டே போனால் அது குணமில்லை. வயிறோ குடலோ கிழிந்திருக்கலாம்.

கேள்வி: ஒரு கண்ணை மட்டும் சுருக்குகிறது, தண்ணீர் வடிகிறது. வீட்டில் கண் சொட்டு மருந்து இருக்கிறது, விடலாமா?

வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் என்றாலே சிக்கல் அந்தக் கண்ணில்தான், இதற்கு முகக்குறி அளவுகோல் தேவையில்லை. இமை மயிரைப் பாருங்கள். நல்ல கண்ணில் மேலிமை மயிர் நேராக வெளியே நீண்டிருக்கும். வலிக்கும் கண்ணில் தரையை நோக்கிச் சாயும். கருவிழியில் கீறலோ புண்ணோ இருக்கலாம். நிறச்சாயம் விட்டுப் புண் இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டீராய்டு கலந்த சொட்டு விட்டால் புண் ஆழமாகி ஓரிரு நாளில் கண்ணே போய்விடக்கூடும். இன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

கேள்வி: சவாரிக்கு விடும் மட்டக்குதிரை சில நாளாக வாயைப் பிளக்கிறது, வாலை வீசுகிறது. முரடாகிவிட்டது என்கிறார்கள். முக அளவுகோலை இதற்கும் போடலாமா?

அந்த அளவுகோல் சும்மா நிற்கும் குதிரைக்கானது. ஓடும்போது மூச்சுக்காக நாசி விரியும், கடிவாளம் வாயை இழுக்கும், கணக்கு தவறும். சவாரிக்கென்று பிரிட்டனின் குதிரை மருத்துவர் சூ டைசன் 24 நடத்தைகள் கொண்ட பட்டியல் ஒன்றை 2018-இல் வெளியிட்டார். காது 5 நொடி அல்லது அதற்கு மேல் பின்னாலேயே இருப்பது, பற்கள் பிரியும்படி 10 நொடிக்கு மேல் வாயைத் திறந்து மூடுவது, வெள்ளை விழி திரும்பத் திரும்பத் தெரிவது, நாக்கு வெளியே வருவது, வாலை ஓயாமல் வீசுவது, தடுமாறுவது எல்லாம் அதில் உண்டு. 24-இல் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடலில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். முரட்டுத்தனம் என்ற சொல்லைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். முதலில் தேடவேண்டியது வலி.

வாய், முதுகு, கால் என்ற வரிசையில் தேடுங்கள். கடிவாள இரும்பில் முள்ளோ கூரான விளிம்போ இருக்கிறதா? முள் கடிவாளம் 1965-ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்கு விதிகளின்படியே தடை செய்யப்பட்டது, ஆனாலும் சந்தையில் இன்றும் கிடைக்கிறது. மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்பின் நடுவுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். கன்னத்தின் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்து ‘தாராளம்’ என்று சொல்லக் கூடாது, அங்கே எப்போதுமே இடம் இருக்கும். தீனியைப் பாதி மென்று உருண்டையாகத் துப்பினால் பல். ஒரே ஒரு நாசியில் நாற்றத்தோடு சளி வந்தால் மேல்தாடைப் பல்லின் வேரில் சீழ் இருக்கலாம். சேணத்தைக் கழற்றியதும் வியர்வை ஈரத்துக்கு நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது.

கேள்வி: வலி மருந்து கொடுத்தபின் முகம் தெளிந்துவிட்டது. வேலைக்கு விடலாமா?

கூடாது. முகம் தெளிந்தது மருந்தால். நொண்டும் காலை மரத்துப்போக வைத்து ஓட்டினால் சிறிய கிழிசல் பெரிதாகும். மருந்து நிறுத்தியபின் முகம் எப்படி இருக்கிறது என்பதே கணக்கு. ஒரு வலி மருந்து போதவில்லை என்று இன்னொன்றைக் கூடவே சேர்த்துக் கொடுப்பதும் நடக்கிறது. வயிற்றிலும் பெருங்குடலிலும் புண் வந்து, வலிக்குக் கொடுத்த மருந்தே வலியாக முடியும்.

மனிதருக்கான டைக்ளோஃபெனாக்கைக் குதிரைக்குப் போடுவதை அறவே நிறுத்துங்கள். கால்நடைக்கான அந்த மருந்து இந்தியாவில் 2006-இலேயே தடை செய்யப்பட்டது. மருந்து உடலில் இருக்கும்போது செத்த விலங்கைத் தின்னும் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிகின்றன. நீலகிரியில் குதிரை வைத்திருப்பவர்கள் மாயாறு பள்ளத்தாக்கின் பாறுக் கழுகுகளை நினைத்துக்கொள்ளலாம். மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கழுகுக்குப் பாதுகாப்பானது; குதிரைக்கும் மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள்.

கேள்வி: கழுதைக்கும் இதே முறைதானா?

இதே மதிப்பெண்ணைப் போட்டால் ஏமாறுவீர்கள். கழுதை வலியைக் குதிரையைவிட அடக்கிக்கொள்ளும், குடல் முறுக்கிலும் புரளாமல் தலை கவிழ்ந்து நிற்கும். கழுதைக்கென்றே நெதர்லாந்தில் தனி அளவுகோல் உருவாக்கியிருக்கிறார்கள். தினசரிப் பயன்பாட்டுக்கு ஒன்று போதும்: கழுதை ஒரு வேளை தீனியைத் தொடாவிட்டால் அதையே அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினி நீண்டால் ரத்தத்தில் கொழுப்பு ஏறி, கல்லீரல் கெட்டுவிடும்.

கேள்வி: இரண்டு மாதக் குட்டி பெரிய குதிரைகளைக் கண்டால் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பல்வலியா?

இல்லை. பெரியவர்களுக்கு முன் குட்டிகள் காட்டும் பணிவு அது. வளர வளர நின்றுவிடும். தனியாக இருக்கும்போது பல்லைக் கடித்து, எச்சில் ஒழுக்கி, மல்லாந்து படுத்தால் மட்டும் வயிற்றுப் புண்ணுக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.