மரத்தூளைச் சிதைக்கப் பூஞ்சையா, பாக்டீரியாவா?

கேள்வி: முதுகலை நுண்ணுயிரியல் படிக்கிறேன். மரத்தூளில் உள்ள லிக்னினை, அதாவது மரத்துக்கு உறுதி தரும் பொருளை, சிதைப்பதுதான் என் ஆய்வுத் திட்டம். ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையும், காலோபாக்டர் கிரெசென்டஸ் என்ற நன்னீர் பாக்டீரியாவும் ஆய்வகத்தில் இருக்கின்றன. பாக்டீரியா சீக்கிரம் வளர்வதால் அதையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். காலோபாக்டர் சத்துள்ள ஊடகத்தில், 30 டிகிரி செல்சியஸில், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் லிக்னின் எந்தச் செல்லுக்குள்ளும் நுழைய முடியாத பெரிய, ஒழுங்கற்ற வலை. அதை வெளியிலேயே உடைத்தாக வேண்டும். அதற்கான லிக்னின் பெராக்சிடேஸ் நொதியைச் சுரப்பது உங்கள் பூஞ்சை. 1983-ல் அந்த நொதி முதன்முதலில் அறியப்பட்டதும் இதே பூஞ்சையில்தான். காலோபாக்டரோ தன் செல்லிலிருந்து நீளும் காம்பின் நுனியில் உள்ள பசையால் ஒட்டிக்கொண்டு, நீரில் கரைந்து வருவதை உறிஞ்சிப் பிழைப்பது. சைலோஸ், வெனிலேட் போன்ற சிறு மூலக்கூறுகள் கிடைத்தால் தின்னும். முழு மரத்தூளிடம் அதற்கு வேலையில்லை.

பூஞ்சையை எடுத்தவர்கள் சறுக்குவது ஊடகத்தில். நன்றாக வளரட்டுமே என்று நைட்ரஜன் நிறைந்த சத்தான பெப்டோனை அள்ளிப் போடுவார்கள். இழை மெத்தைபோல் படரும், நொதி மட்டும் வராது. நைட்ரஜனுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகுதான் இந்தப் பூஞ்சை லிக்னினில் கைவைக்கும். லிக்னினைத் தின்று கொழுக்க அல்ல, அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் செல்லுலோஸை எட்டத்தான். ஆகவே நைட்ரஜனைக் குறையுங்கள். பி.எச். 4.5, வெப்பம் 37 முதல் 39 டிகிரி, ஆக்சிஜன் தாராளமாக. குடுவையை ஷேக்கரில் ஏற்றாதீர்கள். குலுக்கினால் நொதி உற்பத்தி படுத்துவிடும். குலுக்கியே ஆகவேண்டுமென்றால் ட்வீன் 80 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துப் பாருங்கள்.

வளர்ச்சியை ஓ.டி. (திரவத்தின் கலங்கல் அளவு) வைத்து அளப்பது பாக்டீரியாவுக்குச் சரி. உருண்டையாகத் திரளும் பூஞ்சைக்கு அது உதவாது. மரத்தூள் கலந்துவிட்டால் உலர் எடையும் ஏமாற்றும். நொதியையே அளந்துவிடுங்கள்: வெராட்ரில் ஆல்கஹாலை அது வெராட்ரால்டிஹைடாக மாற்றுவதை 310 நானோமீட்டர் ஒளியில் பார்க்கலாம்.

இரண்டையும் ஒரே குடுவையில் போடும் ஆசை வரும். பி.எச்.சும் வெப்பமும் ஒத்துப்போகாது. முதலில் பூஞ்சை, பிறகு வடிகட்டி, வடிநீரை பி.எச். 7-க்குக் கொண்டுவந்து காலோபாக்டரை விடுங்கள். பூஞ்சை மிச்சம் வைத்தவற்றில் எதை அது எடுத்துக்கொள்கிறது என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி. பூஞ்சை போடாத மரத்தூள் குடுவை ஒன்றையும் கூடவே வையுங்கள். இல்லையென்றால் ஊறிக் கரைந்து போனதையெல்லாம் சிதைவுக் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.